விளையாட்டில் பெயில்

அந்தக் குழாயை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லும் தம்பி, தெறிக்கும். ஊதா நிறம். உம்முடைய உடுப்பிலும் பட்டால் பிறகு என்னைத் திட்டுவீர். மிசினை நீர் போடும், எனக்கு அவசரமில்லை. இன்றைக்கு இந்தத் தோய்க்கிற அறை எங்கள் வீட்டு முறைதான், ஆனால் நான் இந்த ஒற்றைச் சேர்ட்டோடு நிற்கிறேன். இதைக் கையால் தோய்த்து முடிக்காமல் உள்ளே போட்டால் மிச்ச உடுப்பெல்லாம் நாசம்.

மேல்வீட்டுக்குப் புதிதாய் வந்திருக்கிற ஆள் நீர்தானே? மனுசி சொன்னாள். நல்ல பெடியன், இங்கேயே படித்தவன், இந்த நாட்டுப் பாசை டொச்சைத் தண்ணீர் மாதிரிக் கதைப்பான் என்று. சின்னப் பிள்ளை ஒன்றும் இருக்கிறதாம். அப்படியென்றால் அடுத்த வருசம் இந்தத் தெருமுனைக் கிண்டர்கார்டன்தான். அதே வகுப்பு, அதே ரீச்சர், ஃப்ராவ் எக்லி. நல்லது. நீராவது ஆளைத் தெரிந்துகொண்டு போம். நான் தெரியாமல் போய் மாட்டுப்பட்டவன்.

இந்தச் சேர்ட்டைப் பாரும். என்ன நிறம் என்று சொல்லும் பார்ப்போம். வெள்ளை. சத்தியமாய் வெள்ளை. ஒரேயொரு கலியாண வீட்டுக்குப் போட்டது.

தொடங்கும்போதே என்ன கேட்டார்கள் தெரியுமே? ஒவ்வொரு பிள்ளையும் தகப்பனுடைய பழைய சேர்ட் ஒன்று கொண்டுவர வேண்டுமாம். பின்பக்கத்தை முன்னால் விட்டுப் பிள்ளைக்குப் போட்டு, முதுகில் பொத்தான் பூட்டி, அதோடு வர்ணம் பூச விடுவார்களாம். பழைய சேர்ட். எங்களிடம் வந்து பழசு கேட்கிறாள். நாங்கள் என்ன கந்தலோடு வந்து இறங்கின ஆட்களோ? உண்மையைச் சொன்னால் கந்தலோடுதான் வந்து இறங்கினோம். அதனால்தான் கேட்கக்கூடாது என்கிறேன். நான் இருந்ததில் திறமான சேர்ட்டை எடுத்து, ஸ்திரிக்கை போட்டு, கொழுவியோடு அனுப்பினேன். பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன், "இது அப்பாவின்ரை நல்ல சேர்ட், ஊத்தை படாமல் வைச்சிரு" என்று.

முதல் வருசம் முழுக்க அதில் ஒரு பொட்டு வர்ணம் படவில்லை. ஒரு பொட்டு. கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகலாம், அப்படித் திரும்பி வந்தது. மற்றப் பிள்ளைகளின் சேர்ட்டுகள் அங்கே கொழுவியில் தொங்கியதைப் பார்த்தேன். கராஜில் காருக்குக் கீழே படுக்கிறவனின் உடுப்பு மாதிரி. அதற்கு நடுவில் என்னுடைய பிள்ளையின் சேர்ட் மட்டும் வெள்ளையாய் நின்றது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமே? அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் ரீச்சர் என்ன செய்ய வேண்டும்? தகப்பனைக் கூப்பிட்டுக் கை குடுக்க வேண்டும்.

கூப்பிட்டாள். கை குடுக்க இல்லை.

போன புரட்டாதியில். கிண்டர்கார்டனில் இரண்டாம் வருசம் தொடங்கிவிட்டது, அது முடிய முதலாம் வகுப்பு. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். இந்த ஊரில் மொழிபெயர்க்கிறது யார்? எங்களுடைய வரதன் மாஸ்டரின் மனுசி. அவவுக்கு முன்னால் என்னுடைய பிள்ளையைப் பற்றிக் கதைத்தால், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தேத்தண்ணி ஊற்றுகிற இடத்தில் அதுதான் கதை. வேண்டாம், எனக்கு டொச் வரும் என்றேன். குசினி டொச். வெங்காயம் எங்கே, கெதியாய், சூடு, பின்னால் வாறேன். அதை வைத்துக்கொண்டு போனேன்.

நான் ஹொட்டேலில் குளிர்க் குசினியில் நிற்கிறவன், சொன்னாளோ மனுசி? சலாட், பழம், அலங்காரம். கரட்டில் ரோசாப்பூ வெட்டுவேன். வத்தகப்பழத்தில் அன்னம். ஒருவரும் பழக்கவில்லை, பார்த்துப் பார்த்துக் கையால் பழகினது. கலியாண விருந்தென்றால் சாப்பிட முதல் என்னுடைய மேசையைத்தான் படம் எடுப்பார்கள். சரி, அது கிடக்கட்டும்.

அந்த எக்லிக்கு என்னுடைய வயதிருக்கும். தலைமயிரைக் கட்டையாய் வெட்டி, ஒரு காதில் ஒரு தோடு, மற்றக் காதில் வேறு தோடு. என்னைக் குந்த வைத்தது பிள்ளைகளின் கதிரையில். முழங்கால் வந்து நாடியில் முட்டுகிறது. அப்படி ஒரு மனுசனைக் குந்தவைத்துவிட்டு மரியாதையாய்க் கதைக்கலாமோ? மேசையில் மிதுனாவின் படங்களைப் பரப்பினாள். மிதுனா, என்னுடைய மகள். ஒரே பிள்ளை, பிந்திப் பிறந்தது. வீடு, இரண்டு யன்னல், ஒரு கதவு, பக்கத்தில் தென்னை, மேலே சூரியன். ஒவ்வொரு தாளிலும் அச்சடித்த மாதிரி. கோடு ஒரு மயிரிழை வெளியே போகாது. நான் பழக்கினது. மூன்று வயதிலேயே கையைப் பிடித்து, "வீடு கீறுறது இப்பிடித்தான், சூரியன் கீறுறது இப்பிடித்தான்" என்று பழக்கினது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் கேட்டாள், இவள் ஒருநாளும் தென்னை பார்த்திருக்கிறாளா என்று.

இல்லை, ஊருக்கு இன்னும் கொண்டுபோகவில்லை என்றேன். அதற்கு அவள் ஒரு தலையாட்டல். அந்தத் தலையாட்டல் இருக்கிறதே தம்பி, ஒரு அடி அடித்திருந்தாலும் பரவாயில்லை.

பிறகுதான் சொன்னாள். மிதுனா அங்கே வாய் திறப்பதில்லையாம். முதல் வருசம் முழுக்க ஒரு சொல் இல்லையாம். மற்றப் பிள்ளைகள் பெட்டிகளை அடுக்கிக் கடை வைப்பார்களாம், பழைய சட்டியில் மண்ணைப் போட்டுச் சமைப்பார்களாம், ஒருத்தருக்கு ஒருத்தர் ஊசி போடுவார்களாம். இவள் சுவரோடு நின்று பார்ப்பாளாம். வர்ணம் பூச விட்டால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாளாம். பென்சில் மட்டும்தான் தொடுவாளாம். என்னுடைய பிள்ளை கவனிக்கிற பிள்ளை, அதுதான் அப்படி என்றேன்.

அந்த வகுப்பில் பாதிப்பேர் எங்களைப்போல வந்த ஆட்களின் பிள்ளைகள். எரித்திரியாப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான். டொச்சில் நாலு சொல் வராது. ஆனால் காலையிலிருந்து களிமண்ணைப் பிசைந்துகொண்டு ஏதோ ஒரு பாசையில் கத்திக்கொண்டே இருப்பான். அவனுக்கு ஒரு குறையும் இல்லையாம். மண்ணுக்குள்ளாலும் வர்ணத்துக்குள்ளாலும்தான் இந்தப் பிள்ளைகளுக்குப் பாசை வருமாம். கேட்டீரோ கதையை? என்னுடைய பிள்ளை நூறு வரை இரண்டு பாசையில் எண்ணுவாள். ஆத்திசூடி சொல்லுவாள். வீட்டில் ஊமையில்லை. நான் கேட்கிற எல்லாத்துக்கும் பதில் சொல்லுவாள். கேட்டவுடனே சொல்லுவாள்.

"விளையாடுறாள் இல்லை. வசந்தத்துக்குள்ளை மாறாட்டி இன்னொரு வருசம் இங்கையே இருக்கிறதுதான் நல்லது," என்று சொன்னாள். எனக்கு விளங்க வேண்டுமென்று சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஆறுதலாய், ஒவ்வொரு சொல்லாய்.

நீர் படித்த ஆள், சொல்லும். உலகத்தில் எங்கேயாவது ஒரு பிள்ளை விளையாட்டில் பெயில் ஆனதென்று கேள்விப்பட்டிருக்கிறீரோ? கணக்கில் பெயில் என்றால் ரியூசன் விடலாம். விளையாட்டில் பெயில் என்று அண்ணனுக்கு எப்படிச் சொல்வது? கனடாவில் அவன்ரை பெடியள் ஒவ்வொரு கிழமையும் ஒரு கிண்ணம் வாங்குதுகள். போனில் பிடித்துக் காட்டுவான். என்னுடையது வகுப்பேறாமல் நாலு வயதுப் பிள்ளைகளோடு பெட்டி அடுக்கப்போகுது என்று சொல்லவோ?

எழும்பினேன். சுவரில் மிதுனாவின் படம் ஒன்றும் ஒட்டியிருந்தது. அதில் ஒரு யன்னல் கோணல். சட்டைப்பையில் பேனை இருந்தது. எட்டி நேராக்கப் போனேன். அவள் வந்து என்னுடைய கைக்குக் குறுக்கே நின்றாள். சிரித்துக்கொண்டுதான் நின்றாள். "லூகே யா, ஆலாங்கே நை." பார்க்கலாம், தொடக்கூடாது. அந்தச் சுவருக்கு அதுதான் சட்டமாம், பிள்ளைகளுக்கும் பெரியாட்களுக்கும். என்னுடைய பிள்ளை கீறினதை நான் தொடக்கூடாதாம்.

நான் விடுவேனோ? விளையாடத் தெரியாது என்கிறாய், சரி, விளையாடப் பழக்குகிறேன் என்று டொக்டர் சாமான் ஒரு பெட்டி வாங்கிவந்தேன். லீவு நாளில் அவளை இருத்தினேன். இப்படிப் பிடி, இப்படி நெஞ்சில் வை, இப்போது நீ என்ன வருத்தம் என்று கேட்க வேண்டும், நான் காய்ச்சல் என்பேன், நீ ஊசி போட வேண்டும். பிழை விட்டால் திரும்ப முதலிலிருந்து. இரண்டு கிழமையில் ஒரு பிழையில்லாமல் விளையாடினாள். மனுசி குசினிக்குள் நின்று சிரிக்கிறாளோ அழுகிறாளோ தெரியாது, முதுகுதான் தெரிந்தது.

பிறகு கார்த்திகை. இங்கே அதுக்கொரு பழக்கம் இருக்கிறது, உமக்குத் தெரியும்தானே? ஊதாத் தோல் கிழங்கைக் கோதி, மேல்தோலில் கண், மூக்கு, நட்சத்திரம் என்று சுரண்டி, உள்ளே மெழுகுதிரி வைத்துத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் தெருவால் பாட்டுப்பாடிப் போவார்கள். சின்னனில் நீரும் தூக்கியிருப்பீர். முதல் வருசம் அவளுக்குக் காய்ச்சல், போகவில்லை. இந்த முறை பைக்குள் போட்டுக் கிழங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னுடைய மனுசி சுகிர்தா என்ன செய்தாள்? கறிக்கு நோக்கோல் தந்துவிட்டிருக்கினம், நல்ல சனம் என்று பால்கறி வைத்துவிட்டாள். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். பிள்ளை கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கண்ணால் தண்ணீர் ஓடுது, சத்தம் இல்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாள் தாய் கிண்டர்கார்டன் வாசலில் மற்றத் தாய்மாரைக் கண்டுதான் விசயத்தை அறிந்தாள். அவளும் அதில் ஒரு போர்த்துக்கல்காரியும் தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். மகா பெருமை.

வேறு கிழங்கு வாங்கிக் குடுத்தாள். நான் வேலையில். தாயும் மகளும் குளியலறை நிலத்தில் இருந்து, ஒரு கரண்டியால் கோதியிருக்கிறார்கள். பிறகு தாய் கையை எடுத்துவிட்டுக் கதவுநிலையில் சாய்ந்துகொண்டாளாம். பிள்ளை கிழங்கோடு கதைத்ததாம். தமிழும் டொச்சும் கலந்து, பாட்டு மாதிரி, விடாமல். தாய் மூச்சையும் அடக்கிக்கொண்டு கேட்டாளாம். அடுத்த நாள் வகுப்பில் மிதுனா அந்த எக்லியின் காதுக்குள் சொல்லியிருக்கிறாள், என்னுடைய விளக்குக்கு வாய் இருக்குது என்று. முதல் சொல். வாசலில் வைத்துத் தாயிடம் அதைச் சொல்லும்போது எக்லிக்குக் கண் கலங்கிப்போயிற்றாம். நடிப்பு. ஊர்வலத்துக்கு முதல் எல்லாரும் வட்டமாய் நிற்கிறபோது ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய விளக்கைப் பற்றி ஒரு சொல் சொல்லுமாம், மிதுனாவும் சொல்லுவாள் என்று நினைக்கிறேன், பார்ப்போம் என்றாளாம்.

அப்படியென்றால் அன்றைக்குத்தானே தம்பி சோதினை. எல்லாத் தாய்தகப்பனும் நிற்கப்போகிறார்கள். அன்றைக்குப் பிள்ளை வாய் திறந்தால் முதலாம் வகுப்பு.

ஊர்வலம் செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு எனக்கு லீவு. பிள்ளை கிண்டர்கார்டனில். பல்கனியில் அந்தக் கிழங்கைக் கண்டேன். கடவுளே. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னன். மூக்கில்லை. வாய் ஒன்று, காதிலிருந்து காது வரைக்கும் பிளந்து, அதுக்குள் மூன்று பல்லு, மூன்றும் மூன்று திசை. இதைத் தூக்கிக்கொண்டு சபைக்கு முன்னால் நிற்கப்போகுதோ என்னுடைய பிள்ளை? வத்தகப்பழத்தில் அன்னம் வெட்டுகிறவனுடைய பிள்ளை?

ஹொட்டேல் கத்தியை எடுத்தேன். பக்குவமாய் மேலால் சீவி, அந்த வாயையும் பல்லையும் எடுத்துவிட்டு, இருந்த ஓட்டைகளைச் சுற்றி மயில் ஒன்று வெட்டினேன். தோகை முழுக்கக் கண். இலைமாதிரி மெல்லிசாய்ச் சீவினால் உள்ளே மெழுகுதிரி வைக்க ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாய் எரியும். அப்படி ஒரு வேலை நான் எந்த மந்திரியின் மேசைக்கும் செய்ததில்லை. மனுசி வந்து பார்த்தாள். "இவ்வளவு வடிவாச் செய்து போட்டியளே," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் ஒரு சொல் குறைச்சல்.

பின்னேரம் போனோம். தெருவிளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள். மயிலைத் துணியால் மூடிக் கொண்டுபோனேன், பிள்ளைக்கு அங்கே வைத்துத்தான் காட்ட வேண்டும், சந்தோசப்படட்டும் என்று. வட்டமாய் நிற்கிறார்கள். துணியை எடுத்து, கொளுத்தி, அவளுடைய கையில் குடுத்தேன். தம்பி, அந்தக் கூட்டம் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. போன்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டன. வெள்ளைக்காரன் ஒருத்தன் என்னுடைய முதுகில் தட்டுகிறான். மற்றப் பிள்ளைகளின் கையில் கோணல் நட்சத்திரமும் பாதி நிலவும். எரித்திரியாப் பெடியன்ரை கிழங்கில் மூன்று ஓட்டை, வேறொன்றும் இல்லை.

ஒவ்வொருத்தராய்ச் சொல்லி வந்தார்கள். மிதுனாவின் முறை. எக்லி அவளுக்கு முன்னால் முழங்காலில் குந்தினாள். மயிலைப் பார்த்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளையிடம் மெல்லக் கேட்டாள், வாய் எங்கே என்று.

என்னுடைய பிள்ளை பேசினது. நம்புவீரோ, எல்லாருக்கும் கேட்கப் பேசினது. "இது என்ரை இல்லை. இது அப்பா செய்தது."

சொல்லிவிட்டு நேரே நடந்து வந்து, விளக்கை என்னுடைய கையில் தந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அழவில்லை. கோபமும் இல்லை. கடையில் தவறி வாங்கின சாமானைத் திருப்பிக் குடுப்பார்களே, அப்படி.

ஊர்வலம் வெளிக்கிட்டது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் விளக்கு. என்னுடையது வெறுங்கையோடு முன்னுக்கு, அந்த எரித்திரியாப் பெடியனோடு, அவனுடைய விளக்குத் தடியை இரண்டு பேருமாய்ப் பிடித்துக்கொண்டு. நான் கடைசியில், தகப்பன்மாருக்குள், மயிலோடு. பார்க்கிற சனமெல்லாம் என்னைத்தான் பார்க்குது. முன்னாலிருந்து ஒரு பிள்ளை விடாமல் கதைத்துக்கொண்டு வருது. சிரிக்குது. சுருட்டிச் சுருட்டி அவையின்ரை பாசையில் ஏதோ பெரிய கதை. யாருடைய பிள்ளை இப்படி அலட்டுது என்று நினைத்தேன். அந்தக் குரலை நான் அதுக்கு முதல் கேட்டதில்லை.

சுகிர்தா என்னுடைய கையைப் பிடித்து, "அது மிது" என்றாள்.

இப்போது நீர் சொல்லும், பிள்ளையைப் பேச வைத்தது யார்? நான் மயில் வெட்டியிராவிட்டால் அன்றைக்கு அவள் வாய் திறந்திருப்பாளோ? ஆனால் பேர் யாருக்கு? எக்லிக்கு. மாசிக் கூட்டத்தில் சொன்னாள், மிதுனா நல்லாய்க் கதைக்கிறாள், விளையாடுகிறாள், முதலாம் வகுப்புக்குப் போகலாம் என்று. எனக்கு நன்றியும் சொன்னாள். எதுக்கு நன்றியென்று நான் கேட்கவில்லை. அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன், பாஸ் என்று.

அந்த விளக்குக்கு அடுத்த நாள்தான் இந்தச் சேர்ட்டில் முதல் கறை. பிறகு ஒவ்வொரு நாளும். மஞ்சள், பச்சை, சேற்று நிறம். இந்த ஊதா இருக்கிறதே, இது அவளுடைய கை. இரண்டு கையையும் தோய்த்து இழுத்திருக்கிறாள். பிள்ளைகள் பின்பக்கத்தை முன்னால் விட்டுத்தானே போடுவார்கள். நான் இனி இதைப் போட்டால் இரண்டு கையும் என்னுடைய முதுகில் இருக்கும். லீவுக்குத் தோய்த்து அனுப்பச் சொல்லி வந்தது. தோய்க்கத்தான் வந்தேன். பாரும், உரஞ்சி உரஞ்சி என்னுடைய விரல்தான் தோல் உரிந்தது.

ஒன்று கேட்க வேண்டும் தம்பி. நீர் இங்கே படித்த ஆள். அவள் இப்போது நிலத்தில் பெரிய தாளை விரித்துப் படுத்துக் கீறுவாள். நான் பக்கத்தில் போய் இருப்பேன். ஒன்றும் செய்வதில்லை, சும்மா இருப்பேன். தலையை நிமிர்த்தாமலே சொல்லுவாள், "லூகே யா, ஆலாங்கே நை." ஒவ்வொரு நாளும். தமிழில் சொல்லென்றால் சொல்லமாட்டாள். அதுக்கு வேறும் ஏதாவது அருத்தம் இருக்குதோ? பிள்ளைகளுக்குள் விளையாட்டுக்குச் சொல்லுகிற மாதிரி, தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி?

ஏன் நிலத்தைப் பார்க்கிறீர். இல்லையென்றால் இல்லையென்று சொல்லும். அருத்தம் எனக்குத் தெரியும். பழக்கினது யார் என்றும் தெரியும்.

மிசினை நீர் போடும். நான் இதை இனித் தோய்க்கவில்லை. இப்படியே, இந்தக் கறையெல்லாத்தோடும் ஈரத்தைப் பிழிந்து காயப்போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். பார்க்கட்டும் அந்த எக்லி. ஒரு வெள்ளைச் சேர்ட்டை என்ன செய்து வைத்திருக்கிறாள் என்று நன்றாய்ப் பார்க்கட்டும்.

அந்தக் கொழுவியை எடுத்துத் தாரும். மெல்ல. அந்த ஊதாப் பக்கத்தில் கையை வைக்காதேயும்.